ஃப்ரீபிபிஎக்ஸ் வாய்ஸ்மெயில் ரிவ்யூ: ஈபி ஷட்டவுன் வர்ற ஊர்ல இது தாங்குமா?

ஃப்ரீபிபிஎக்ஸ்ன்றது ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்ச ஒரு கம்ப்யூட்டர்லயே ஓட்டுற சாஃப்ட்வேர், ஆள் எடுக்கலன்னா கூப்ட்டவர் பேசுறத பதிஞ்சு வைக்கிற வாய்ஸ்மெயிலும் அதுல உண்டு. வாய்ஸ்மெயில் சர்வர் ரிவ்யூன்னா எத்தன எக்ஸ்டென்ஷன் (ஆபீஸ் உள் போன்) போடலாம், ஆடியோ கிளியரா இருக்கா, மெயிலுக்கு ஃபைல் ஒழுங்கா போகுதான்னு தான் எழுதுவாங்க. அதெல்லாம் இதுல நல்லாவே இருக்கு, அதுக்கு மேல அதப்பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. நான் எழுதப்போறது யாரும் எழுதாத பக்கம், அதாவது மாசாமாசம் ஈபில இருந்து "நாளை காலை 9 மணி முதல் மின் நிறுத்தம்"னு மெசேஜ் வர்ற ஊர்ல இந்த சிஸ்டத்த எப்படி ஆஃப் பண்றது, சாயந்திரம் கரன்ட் வந்தா தானா எழுந்திருக்குதா, நடுவுல எவனாவது பேசி வச்ச மெசேஜ் காணாம போகுதா, இது தான்.

மொதல்ல எங்க கதைய சுருக்கமா. கடலூர் மஞ்சக்குப்பத்துல ஆடிட்டர் ஆபீஸ், பாண்டி ரெட்டியார்பாளையத்துல ஒரு சின்ன பிராஞ்ச். நான் அங்க ஐடி ஆள், அதாவது பிரின்டர்ல பேப்பர் மாட்டுனாலும் நான் தான், போன் வேலை செய்யலன்னாலும் நான் தான். பழைய டெஸ்க்டாப் ஒண்ணுல ஃப்ரீபிபிஎக்ஸ் போட்டிருக்கோம், பாண்டி போன்களும் விபிஎன் (நெட்டு மேலயே போடுற தனிப் பாதை) வழியா இதே மெஷினுக்கு தான் வருது. "நம்ம ஊர்ல எவன் சார் வாய்ஸ்மெயில்ல பேசுவான்"னு ஆரம்பத்துல எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா வாட்ஸப் வாய்ஸ் நோட் வந்ததுக்கு அப்புறம் நம்மாளுங்களுக்கு மெஷின்ட்ட பேசுற கூச்சம் சுத்தமா போயிடுச்சு. பண்ருட்டி முந்திரி வியாபாரிங்க, நெல்லிக்குப்பம் பக்கத்து கரும்பு லாரிக்காரங்க, எல்லாம் ராத்திரி கடைய கட்டிட்டு போன் போட்டு "தம்பி, அந்த மூணு பில்ல சேத்துக்கப்பா"ன்னு விலாவாரியா பேசி வச்சிடுறாங்க. 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன், இந்த ரெண்டு தேதிக்கு முன்னாடி ராத்திரில பெட்டி ரொம்பிடும். அதனால ஒரு மெசேஜ் போனாலும் எங்களுக்கு தலவலி தான்.

சரி சாமானுக்கு வருவோம். ஃப்ரீபிபிஎக்ஸ்ன்றது மேல இருக்குற வெப் ஸ்க்ரீன், உள்ள உண்மையா வேல செய்யிறது ஆஸ்டரிஸ்க். ஆஸ்டரிஸ்க் 1999ல மார்க் ஸ்பென்சர் ஆரம்பிச்சது, காசு இல்ல, கோட் ஓப்பன். இப்ப ரெண்டையும் பாத்துக்குறது சாங்கோமா கம்பெனி. புதுசா போடுறவங்க 17ஆம் வெர்ஷன போடுங்க, அது டெபியன் 12ன்ற லினக்ஸ் மேல ஓடுது, பழைய 16ஆம் வெர்ஷனோட ரெடிமேட் டிஸ்க் சென்ட்ஓஎஸ் 7ன்ற லினக்ஸ் வழி வந்தது, சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30ஓட ஆயுசு முடிஞ்சிடுச்சு. இன்னும் அதுல ஓட்டிட்டு இருக்குறவங்க நெறைய பேரு, எனக்கே ரெண்டு மூணு ஆபீஸ் தெரியும்.

இப்ப விஷயம். இதுல நிறுத்துறதுக்கு மூணு விதம் இருக்கு, இத புரிஞ்சிக்கிட்டா பாதி பிரச்சன முடிஞ்சிடும். ஆஸ்டரிஸ்க்கோட கமாண்ட் ஸ்க்ரீன்ல போய் "கோர் ஸ்டாப் நவ்"னு அடிச்சா பேசிட்டு இருக்குறவன், மெசேஜ் சொல்லிட்டு இருக்குறவன் எல்லாரையும் அந்த நொடியே வெட்டி விட்டுடும். "கோர் ஸ்டாப் கிரேஸ்ஃபுல்லி"ன்னா புது கால் எதையும் உள்ள விடாது, ஆனா ஏற்கனவே ஓடிட்டு இருக்குற கால் தானா முடியிற வரைக்கும் காத்திருந்துட்டு நிக்கும், கடைக்காரரு ஷட்டர பாதி இறக்கி வச்சிட்டு உள்ள இருக்குறவங்களுக்கு மட்டும் பில் போடுற மாதிரி. மூணாவது "கோர் ஸ்டாப் வென் கன்வீனியன்ட்", இது புது காலையும் எடுத்துக்கிட்டே இருக்கும், எப்பவாவது ஒரு நொடி ஒரு கால் கூட இல்லாம லைன் காலியா இருந்தா அப்ப நிக்கும்.

பேர பாத்தா மூணாவது தான் நல்லதுன்னு தோணும். ராத்திரில ஆமா. ஆனா ஈபிக்காரன் 9 மணிக்கு பிடுங்கப் போறான், நீங்க எட்டே முக்காலுக்கு வென் கன்வீனியன்ட் அடிச்சா, காலைல அந்த நேரத்துல தான் பாண்டி பிராஞ்ச்ல இருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு கால் வரும், லைன் காலியே ஆகாது, மெஷின் நிக்கவே நிக்காது. அதனால ஷட்டவுன் நாள்ல கிரேஸ்ஃபுல்லி தான். அடிச்சதுக்கு அப்புறம் "இன்னைக்கு ஷட்டவுன் கேன்சல்"னு தெரிஞ்சா "கோர் அபார்ட் ஷட்டவுன்" (core abort shutdown)னு அடிங்க, ஒண்ணும் நடக்காத மாதிரி மறுபடி கால் எடுக்க ஆரம்பிச்சிடும். இந்த வசதி எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா மெசேஜ் வந்தும் ஷட்டவுன் வராத நாளும் நம்ம ஊர்ல உண்டு.

அடிக்கறதுக்கு முன்னாடி "கோர் ஷோ சேனல்ஸ்" போட்டு பாத்துக்கணும். கடைசில எத்தன கால் ஓடுதுன்னு ஒரு வரி வரும், அதுல பூஜ்யம் இருந்தா யோசிக்கவே வேணாம்.

ஃப்ரீபிபிஎக்ஸ்க்குன்னு தனியா ஒரு நிறுத்துற கமாண்ட் இருக்கு, எஃப்டபிள்யூகன்சோல் ஸ்டாப். நெறைய பேர் நேரா இத தான் அடிப்பாங்க. எங்க மெஷின்ல இத அடிச்சா அதுவும் மரியாதையா நிறுத்தப் பாக்கும், ஆனா 30 செகண்ட் தான் பொறுமை, அதுக்குள்ள கால் முடியலன்னா வலுக்கட்டாயமா கொன்னுடுவேன்னு ஸ்க்ரீன்லயே சொல்லும். நம்ம முந்திரி முதலாளி ஒருத்தர் மெசேஜ் ஆரம்பிச்சா மொதல் 30 செகண்ட் நலம் விசாரிப்பு தான். அதனால மொதல்ல ஆஸ்டரிஸ்க்க கையால கிரேஸ்ஃபுல்லியா நிறுத்திட்டு, அப்புறம் எஃப்டபிள்யூகன்சோல் ஸ்டாப், அப்புறம் பவர்ஆஃப் கமாண்ட், அப்புறம் ஃபேன் சத்தம் நின்னதும் ப்ளக். இந்த வரிச மாறக்கூடாது.

பிடுங்கிட்டா என்ன ஆயிடும்னு கேக்குறவங்களுக்காக. எங்களுக்கு இத போட்டுக் குடுத்த ஆளு (பேரு வேணாம்) ரிசப்ஷன் பொண்ணுகிட்ட "மேடம், சுவிட்ச ஆஃப் பண்ணிடுங்க போதும்"னு சொல்லிட்டு போயிட்டான், அந்த பொண்ணும் அத வேதவாக்கா எடுத்துக்கிச்சு. ஒரு நாள் பண்ருட்டி பார்ட்டி ஒருத்தர் "நான் காலைல சொல்லி வச்சேனே தம்பி, பில் நம்பரோட சொன்னேனே"ன்னு நிக்கிறாரு, பெட்டில மெசேஜே இல்ல. அப்ப தான் உள்ள தோண்டிப் பாத்தேன்.

ஆஸ்டரிஸ்க் மெசேஜ எப்படி வைக்குதுன்னா, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள இன்பாக்ஸ், அதுல மெசேஜ் 0000, 0001ன்னு பேர் போட்டு ஒரு ஆடியோ ஃபைலும் அதே பேர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் இருக்கும். டெக்ஸ்ட்ல யார் கூப்ட்டது, எப்ப, எவ்ளோ நேரம்ங்கற விவரம். ஆனா பேசிட்டு இருக்கும்போது நேரா இன்பாக்ஸ்ல எழுதாது, பக்கத்துல டெம்ப்னு ஒரு ஃபோல்டர்ல கண்டபடி ஆறு எழுத்து பேர் வச்சு எழுதிட்டு, ஆள் போன வச்சதும் தான் பேர் மாத்தி இன்பாக்ஸ்க்கு தள்ளும். நடுவுல கரன்ட் போனா அந்த ஆறெழுத்து ஃபைல் டெம்ப்லயே அனாதையா கெடக்கும், மெஷின் மறுபடி ஆன் ஆனாலும் அத எடுத்து பெட்டில வைக்காது, போன்ல லைட்டும் எரியாது. அங்க போய் பாத்தா நம்ம பார்ட்டியோடது இருந்துச்சு. சாதாரண ப்ளேயர்ல ஓடல, ஏன்னா வேவ் ஃபைலோட தலைல நீளம் சரியா எழுதப்படல. ஆடாசிட்டின்ற ஆடியோ எடிட்டர்ல ரா டேட்டாவா இம்போர்ட் பண்ணி, 16 பிட், மோனோ, 8000 ஹெர்ட்ஸ்னு குடுத்ததும் ஹெட்செட்ல அவரு குரல் கேக்குது, "தம்பி, எழுதிக்க, பில் நம்பர் நாலு ஏழு..." அதோட கட். மீதிய அவர்கிட்டயே கேட்டு வாங்குனோம், அவருக்கு எங்க மேல வந்த கோவத்த விட ஆடிட்டர் சாருக்கு எங்க மேல வந்தது ஜாஸ்தி.

கடைசி கொஞ்ச நேரம் ஏன் போச்சுன்னா, லினக்ஸ் எழுதுறத எல்லாம் உடனே டிஸ்க்ல எழுதாது, மெமரில சேத்து வச்சு சுமார் அரை நிமிஷத்துக்குள்ள தான் எறக்கும். ஒழுங்கா ஷட்டவுன் பண்ணா மொத்தத்தையும் எறக்கிட்டு தான் நிக்கும். பிடுங்குனா அந்த பாக்கி அவ்ளோ தான். டிஸ்க்ல நடக்குற மாத்தத்த குறிச்சு வைக்கிற ஃபைல் சிஸ்டம் ஜர்னல் இருக்கறதால மெஷின் பூட் ஆகிடும், அத பாத்துட்டு "பாத்தியா ஒண்ணும் ஆகல"ன்னு சொல்லுவாங்க. மெஷினுக்கு ஒண்ணும் ஆகல, மெசேஜ் தான் போச்சு. இதே செட்டப்ப ராஸ்பெரி பைல மெமரி கார்டு போட்டு ஓட்டுறவங்களுக்கு அந்த கார்டே போயிடுற ஆபத்தும் உண்டு, தயவுசெஞ்சு எஸ்எஸ்டி போடுங்க.

இன்னொரு விஷயம், பாதி பேர் தேவையே இல்லாம ரீஸ்டார்ட் பண்றாங்க. ஒரு புது ஆளுக்கு மெயில்பாக்ஸ் போடணும், பின் மாத்தணும், இதுக்கெல்லாம் மெஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ண வேணாம். வெப் ஸ்க்ரீன் மேல செவப்பா அப்ளை கான்ஃபிக்னு வரும்ல, அத அமுக்குனா போதும், ஓடுற கால் எதுவும் அறுபடாது. டிவி மெக்கானிக் பழக்கத்துல எதுக்கெடுத்தாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்றத விட்ருங்க.

அடுத்தது யூபிஎஸ். அஞ்சாறு மணி நேர ஷட்டவுன சின்ன யூபிஎஸ் தாங்காது, அது வேலையும் அது இல்ல, சொல்லாம கொள்ளாம போற கரன்ட்டுக்கு மெஷின் ஒழுங்கா படுக்க நேரம் குடுக்கறது தான் அதோட வேல. ஆனா யூபிஎஸ்ஸுக்கு பேட்டரி தீருதுன்னு மெஷின்கிட்ட சொல்லத் தெரியணும், அதுக்கு பின்னாடி யூஎஸ்பி டேட்டா போர்ட் வேணும். வாங்கும்போது டப்பாவ திருப்பிப் பாருங்க, விலை கம்மியா வர்றதுல நெறைய மாடல்ல அந்த ஓட்டையே இருக்காது. போர்ட் இருக்கறது வாங்கி, நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்னு இலவச சாஃப்ட்வேர் போட்டுட்டா, பேட்டரி கம்மி ஆனதும் அதுவே ஷட்டவுன் குடுத்துடும். அது குடுக்குறது மெஷினோட சாதாரண ஷட்டவுன் தான், அதனால நீளமா பேசிட்டு இருக்குறவர் அறுபடத்தான் செய்வாரு, ஆனா டிஸ்க் பத்திரம்.

இங்க ஒரு சூட்சுமம் இருக்கு, இத எனக்கு யாருமே சொல்லல. பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது வர்ற மதர்போர்ட் செட்டிங்) "கரன்ட் திரும்பி வந்தா ஆன் ஆகு"ன்னு செட்டிங் வச்சிருப்பீங்க, சரி. ராத்திரி கரன்ட் போச்சு, யூபிஎஸ் சொல்லி மெஷின் ஒழுங்கா ஆஃப் ஆயிடுச்சு, ஆனா யூபிஎஸ்ல இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கு, அந்த நேரம் பாத்து கரன்ட் வந்துடுச்சு. மெஷின் பார்வைல கரன்ட் போகவே இல்ல, யூபிஎஸ் விடாம குடுத்துட்டு தானே இருந்துச்சு, அப்புறம் எதுக்கு அது ஆன் ஆகும்? காலைல வந்து பாத்தா எல்லா லைட்டும் எரியுது, போன் மட்டும் செத்துக் கெடக்கும். இதுக்கு அந்த சாஃப்ட்வேர்லயே வழி இருக்கு, ஷட்டவுன் ஆகும்போது கடைசியா யூபிஎஸ்ஸையும் அவுட்புட்ட கட் பண்ணச் சொல்ற செட்டிங். எல்லா யூபிஎஸ்ஸும் அதுக்கு கட்டுப்படாது, வாங்குன உடனே ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து டெஸ்ட் பண்ணிடுங்க.

ஆன் பண்றது. இதுக்கும் வரிச இருக்கு. மொதல்ல ஃபைபர் பாக்ஸும் ரவுட்டரும், அடுத்து நெட்வொர்க் ஸ்விட்ச், அப்புறம் தான் சர்வர். மாத்தி பண்ணா என்ன ஆகும்னா, சர்வர் எழுந்து வெளி லைனுக்கு ரிஜிஸ்டர் பண்ணப் பாக்கும், நெட் இல்ல, ஃபெயில். ஆஸ்டரிஸ்க்கோட சொந்த டீஃபால்ட்ல 60 செகண்டுக்கு ஒரு தடவைன்னு 10 தடவ பாக்கும், அதோட கைய விரிச்சிடும். அதாவது நெட்டு பத்து நிமிஷத்துக்கு மேல லேட்டா வந்துச்சுன்னா உள்ள இருக்குற எல்லா போனும் ஒண்ணுக்கொண்ணு பேசும், வாய்ஸ்மெயிலும் கேக்கலாம், வெளில இருந்து மட்டும் ஒரு ஈ காக்கா கால் வராது, நாமளும் "இன்னைக்கு அமைதியா இருக்கே"ன்னு சந்தோஷமா உக்காந்திருப்போம். ட்ரங்க் (வெளி லைன்) செட்டிங்ல மேக்ஸ் ரீட்ரைஸ்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல என்ன நம்பர் இருக்குன்னு பாத்து பெருசா போட்டு வைங்க.

மணி ஒரு தடவ சரி பாக்கணும். பழைய டெஸ்க்டாப்ல மதர்போர்ட் பேட்டரி, அதான் வட்டமா காசு மாதிரி இருக்குற சிஆர் 2032, செத்திருந்தா ப்ளக் பிடுங்குன உடனே கடிகாரம் பின்னாடி எங்கயோ போயிடும், நெட் வந்து டைம் சரியாகுற வரைக்கும் வர்ற மெசேஜ் எல்லாத்துலயும் ஏதோ ஒரு பழைய வருஷத்து தேதி விழும். ஆடிட்டர் ஆபீஸ்ல "எப்ப சொன்னாரு"ங்கறது முக்கியம், 20ஆம் தேதிக்கு முன்னாடியா பின்னாடியான்னு அபராதமே அதுல தான். பேட்டரி விலைக்கு ரெண்டு பேரு டீயும் வடையும் சாப்ட முடியாது, மாத்திடுங்க.

எல்லாம் ஆன் ஆனதும் நான் பாக்குறது: ஒரு மொபைல்ல இருந்து 04142 நம்பருக்கு போட்டு எடுக்காம விட்டு ஒரு டெஸ்ட் மெசேஜ் பேசுவேன், அப்புறம் டேபிள் போன்ல *97 அடிச்சு கேப்பேன், மெயிலுக்கும் அதே ஃபைல் வந்துச்சான்னு பாப்பேன். இந்த மெயில் அட்டாச்மென்ட் வசதிய கண்டிப்பா ஆன் பண்ணி வைங்க, சர்வர் என்ன ஆனாலும் முடிஞ்ச மெசேஜோட ஒரு காப்பி வெளில இருக்கும். ஒரு நிமிஷ மெசேஜ் வேவ்ல கிட்டத்தட்ட 1 எம்பி தான் வருது, மெயில் தாங்கும்.

புயல் நேரத்துலயும் இந்த வரிச தான் காப்பாத்துச்சு. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 சனிக்கிழமை பாண்டி பக்கம் கரைய கடந்துச்சு, நாங்க வெள்ளிக்கிழமை சாயந்திரமே வாய்ஸ்மெயில் ஃபோல்டர பேக்கப் எடுத்து பென் டிரைவ்ல போட்டு, கிரேஸ்ஃபுல்லியா நிறுத்தி, சிபியுவ தரைல இருந்து தூக்கி ஸ்டீல் பீரோ மேல ஏத்திட்டோம். அப்புறம் சாத்தனூர் டேம் தண்ணி தென்பெண்ணைல வந்து கடலூர் பக்கம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். எங்க தெருவுல தண்ணி வரல, ஆனா கரன்ட் வந்து போய் வந்து போய் இருந்துச்சு, அந்த ஆட்டத்துல மெஷின் ஆன்ல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா வயிறு கலங்குது. 2011 டிசம்பர் 30 தானே புயல பாத்தவங்களுக்கு இதெல்லாம் சொல்லியா குடுக்கணும்.

மைனஸ் என்னன்னா, நான் மேல சொன்ன கமாண்ட் எல்லாம் கருப்பு ஸ்க்ரீன்ல அடிக்கணும். வெப் ஸ்க்ரீன்லயே "எல்லாரும் பேசி முடிச்சதும் ஆஃப் ஆகு"ன்னு பளிச்சுனு ஒரு பட்டன் இருந்தா ரிசப்ஷன் பொண்ணே பண்ணிடும். இப்ப நான் ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதி டெஸ்க்டாப் ஐகானா வச்சு குடுத்திருக்கேன், நான் லீவ்ல இருந்தாலும் அது டபுள் கிளிக் பண்ணிட்டு "அண்ணே, ஜீரோ கால்னு வந்துச்சு, ஆஃப் பண்ணிட்டேன்"னு மெசேஜ் போட்டுடும். உங்க ஆபீஸ்ல அப்படி எழுதிக் குடுக்க ஆள் இல்லன்னா, இலவசம்னு ஆசப்பட்டு இத போடாதீங்க, மாசக் கட்டணம் கட்டி கிளவுட் பிபிஎக்ஸ் எடுத்துடுங்க, அதுல சர்வர் எங்கயோ டேட்டா சென்டர்ல இருக்கும், நம்ம ஈபி ஷட்டவுன் அத தொடாது. நமக்கு கரன்ட் இல்லாத நேரத்துலயும் அது மெசேஜ் வாங்கி வச்சிருக்கும், இந்த ஒரு விஷயத்துல எங்க செட்டப் அதுகிட்ட தோத்துடும், ஒத்துக்கணும். எங்க சர்வர் ஆஃப்ல இருக்கும்போது வர்ற கால் லைன் குடுக்குறவங்க பக்கத்துலயே ஆபீஸ் மொபைலுக்கு திரும்புற மாதிரி வச்சிருக்கோம், அவ்ளோ தான் முடியும்.

ஸ்டார் குடுக்கணும்னா வாய்ஸ்மெயிலுக்கு அஞ்சுக்கு நாலர, ஷட்டவுன் ரீஸ்டார்ட்டுக்கு தெரிஞ்ச ஆள் இருந்தா நாலு, இல்லன்னா ரெண்டு.

பாண்டி பிராஞ்ச் மேனேஜருக்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகல. அவங்களுக்கு கரன்ட் பாண்டி மின்துறைல இருந்து வருது, நம்ம ஷட்டவுனுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா சர்வர் இங்க இருக்கறதால கடலூர்ல ஷட்டவுன்னா அங்க ஏசி ஓடும், லைட் எரியும், 0413 போன் மட்டும் ஊமை. "எங்க ஊர்ல கரன்ட் இருக்கும்போது எங்க போன ஏன்ப்பா ஆஃப் பண்ற"ன்னு ஒவ்வொரு மாசமும் திட்டுறாரு, அங்க தனியா ஒரு சின்ன பாக்ஸ் வைக்க சார்கிட்ட கொட்டேஷன் குடுத்திருக்கேன், இன்னும் கையெழுத்து ஆகல.